தோட்டத்தை அடகு வைத்து வாங்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம்

வத்தலக்குண்டிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்துப் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கீழ்ப்பழனி மலையில், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்து சேர வேண்டிய காப்பித் தோட்டத்தில், மலைவாழையும் காப்பியும் வாங்க வரும் வியாபாரிகள் தங்குவதற்காக அவளுடைய தாத்தா கட்டிய மூன்று அறைக் கல்வீடு இருக்கிறது. மழையில் ஒரு பக்கச் சுவர் சரிந்துவிட்ட அந்த வீட்டைச் சித்தப்பா விடுதியாக எடுத்துக் கட்டப் போகிறார்; மகள் அவருடன் நின்று வேலை கற்க வேண்டும் என்கிறாள். பெரிய மாமாவோ, தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முன்பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறார். "பொம்பளப் பிள்ளைய மலையில கல்லு மண்ணு சுமக்க விட்டுட்டான்னு ஊர் பேசும்" என்பது அவருடைய வாதம்.

ஐயா, உங்கள் கலக்கம் நியாயமானதே. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை, முன்பணத்தைக் கட்டாதீர்கள். நான்கு வருடக் கட்டணத்துக்கும் கல்லூரி விடுதிச் செலவுக்கும் அந்தத் தோட்டத்தையே அடகு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் கேட்காத படிப்புக்காக, அவள் கேட்கும் இடத்தை வங்கியிடம் ஒப்படைக்கிற ஏற்பாடு இது. படித்து முடித்ததும் வேலை கிடைக்கும் என்று மாமா சொல்லலாம். கிடைக்காவிட்டால் தவணையை அவர் கட்டப்போவதில்லை.

கடிதத்தோடு மகளின் நோட்டுப்புத்தகப் பக்கம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், அவள் "பொழுதைப் போக்குகிறாள்" என்பதற்குச் சான்றாக. சரிந்த சுவரின் நீள உயரத்தை முழக்கணக்கில் அளந்து, தண்ணீர் ஊறும் இடத்தை நீல மையால் தீட்டி, "மேல் திட்டிலிருந்து வருகிறது, சுவருக்குப் பின்னால் போக வழியில்லை" என்று ஓரத்தில் குறித்திருக்கிறாள். சுவர் ஏன் விழுந்தது என்பதை ஏறக்குறையக் கண்டுபிடித்துவிட்ட பிள்ளையைக் கணினி முன் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேட்டரிங், சுற்றுலா நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றி உங்களுக்குப் பலரும் சொல்லியிருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது, அரசுப் பாலிடெக்னிக்கில் சிவில், அதாவது கட்டுமானப் பொறியியல், டிப்ளமோ. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அது மூன்று வருடம். பிளஸ் டூவில் இந்தப் பாடங்களைப் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம். கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். நில அளவை, வரைபடம், எஸ்டிமேட், கட்டுமானப் பொருட்களின் தன்மை என்று சித்தப்பா மேஸ்திரியை நம்பி விட்டுவிடுகிற விஷயங்கள் எல்லாம் அதில் பாடங்கள். நாளை பட்டம் வேண்டும் என்று தோன்றினாலும் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர வழியுண்டு. "டிகிரி இல்லாத பெண்" என்ற பேச்சுக்கு மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

விடுமுறைகளில் இன்னொன்றையும் கற்கட்டும். 1989 முதல் இயங்கும் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், சுடாத மண் கட்டி அறுப்பதிலும், அவற்றைக் கொண்டு வளைவும் கூரையும் எழுப்புவதிலும் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. சலித்த மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து எடுக்கும் கட்டி அது. சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். சாலை போகாத இடத்தில் இதன் அருமை தெரியும். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒவ்வொன்றும் குதிரை முதுகிலோ ஆள் தலையிலோ ஏற வேண்டும், செங்கலும் அப்படியே. சுவருக்கான மண் அங்கேயே கிடைத்தால் சுமைக்கூலியில் பெரும்பகுதி மிச்சம். எல்லா மண்ணும் இதற்கு ஆகாது, களிமண் கூடினால் கட்டி வெடிக்கும், எனவே முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். சரிவை வெட்டி மண் எடுத்தால் அடுத்த சுவரும் விழும் என்பதையும் அவள்தான் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்த மலையில் கொட்டும். அஸ்திவாரமும், மண் சரியாமல் தடுக்கும் தாங்குசுவரும் அதற்கு முன்பே முடிந்து, சுவரில் நீர் வடியத் துளைகள் விட்டிருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கல்லைக்கூட எடுத்து வைப்பதற்கு முன், அந்த ஊர் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலிலுள்ள ஊர்களில் கட்டடம் கட்ட, 1990-இல் அமைந்த, பலரும் 'ஹாகா' என்று சொல்லும் அந்தக் குழுமத்தின் அனுமதி தேவை. தாத்தா காலத்து வீடுதானே என்ற சமாதானம் அதிகாரி முன் எடுபடாது. கொடைக்கானலில் அனுமதி மீறிய கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2019-இல் பூட்டி முத்திரையிடப்பட்டதை மலையில் எல்லோரும் பார்த்தார்கள். வருமானக் கணக்கையும் அடக்கமாகவே போடுங்கள்: கொடைக்கானல் போகும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம், 2025 கோடையில் எண்ணிக்கைக்கு வரம்பும் வந்தது. மூன்று அறை இருந்த இடத்தில் மூன்று அறையே போதும், பன்னிரண்டு வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாமாவின் நெருக்கடியைப் போலவே "தாத்தா பேரைக் காப்பாத்தணும்" என்பதும் ஒரு நெருக்கடிதான். அதைச் சொல்வது சித்தப்பா என்பதால் இனிமையாகக் கேட்கிறது, அவ்வளவே. குடும்பத் தொழில் என்ற பெயரில் சம்பளமில்லாத ஆளாக நிற்கும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். எனவே வேலை செய்யும் நாட்களுக்கு அவளுக்குக் கூலி வேண்டும். விடுதியில் அவளுக்கு என்ன பங்கு என்பது முத்திரைத் தாளில் எழுதிப் பதிவாக வேண்டும். இரண்டு வருடம் கழித்து வேறு வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னால் யாரும் தடுக்கக் கூடாது. இதற்குச் சித்தப்பா தயங்கினால், பாலிடெக்னிக்கில் மட்டும் சேருங்கள், விடுதி வேலையை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

மலையில் தனியாகத் தங்குவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கதவு தாழிடக்கூடிய தனி அறை, கழிப்பறை, செல்போன் சிக்னல் கிடைக்கும் ஓர் இடம் ஆகிய மூன்றும் தயாராகும்வரை சித்தியும் உடன் தங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். என்னை நேரில் பார்க்க வரும்போது மாமாவை அழைத்து வர வேண்டாம். மகளையும், தோட்டத்தின் பட்டாவையும், அந்த நோட்டுப்புத்தகத்தையும் கொண்டு வாருங்கள்.