வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்ய எந்தக் கணினி, எந்த மைக் வாங்கலாம்?

கேள்வியில் கணினி முதலில் இருக்கிறது, மைக் அடுத்து, அறை எங்குமே இல்லை. பணத்தையும் மண்டையையும் செலவழிக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழ். நீங்கள் தனியாகப் பாடி, கூட ஒரு கிடார் வாசித்து, மிச்சத்தைக் கணினியிலேயே நிரப்பப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முழு டிரம் செட் வைத்திருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை.

முதலில் அறை நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டு. தட்டியபின் உலோகம் அதிர்ந்த மாதிரி ஒரு வால் இழுத்தால், வெறும் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். கண்டென்சர் மைக் (நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் வகை) அந்த வாலையும் சேர்த்தே பிடிக்கும். பிறகு ப்ளக்இன் (ரெக்கார்டிங் மென்பொருளில் சேர்க்கும் ஒலி திருத்தும் கருவி) போட்டு உரித்தால் குரலின் தோலும் கூடவே வரும்.

உடனே எல்லோரும் ஒரு அங்குல ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுகிறார்கள். அது கீச்சென்ற மேல் ஒலிகளை மட்டும்தான் விழுங்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர், ஒரு அங்குலம் அதை என்ன செய்யும்? பளிச்சென்ற ஒலி செத்து, அடியில் கும்மென்ற சத்தம் மட்டும் மிஞ்சும். ஃபோமுக்குப் பதிலாக இரண்டு கனமான போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். அதுவும் மைக்குக்குப் பின்னால் அல்ல, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். கார்டியாய்டு மைக்குக்கு (முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் வகை) பின்பக்கம் காது மந்தம். அது பார்ப்பது உங்கள் முகத்தையும் முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். மந்தமான அந்தப் பின்பக்கத்தில் கணினியை வையுங்கள், அதன் விசிறிச் சத்தம் ஓரளவு அடங்கும். ஆனால் போர்வை அறையின் எதிரொலியைத்தான் குறைக்கும், தெருச் சத்தத்தைத் தடுக்காது. அது சுவர், கதவு சம்பந்தப்பட்ட வேறு வேலை.

இவ்வளவு செய்தும் வால் போகவில்லையா? டைனமிக் மைக் (கிட்டத்து ஒலியை மட்டும் நன்றாகப் பிடிக்கும் வகை) வாங்குங்கள். ஷூர் எஸ்எம்58 1966-லிருந்து மேடைகளில் அடிவாங்கிக்கொண்டிருக்கும் மைக், அது போதும். வாயிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தூரத்தில் பாட வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் அடிக்குரல் வீங்கும். மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுங்கள், அப்படியும் வீக்கம் இருந்தால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறையுங்கள். அறை நன்றாக இருந்தால் கண்டென்சர், 15 முதல் 20 செ.மீ. தூரம், நடுவில் பாப் ஃபில்டர் ('ப' சொல்லும்போது அடிக்கும் காற்றைத் தடுக்கும் வலை). இதற்கு இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பட்டனைப் போட வேண்டும். போடும்போதும் அணைக்கும்போதும் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், டொப்பென்று அடிக்கும். வீடியோக்களில் எல்லோர் முன்னும் தெரிகிற ஷூர் எஸ்எம்7பி நல்ல மைக்தான், சண்டைக்கு வராதீர்கள். அதற்கு 60 டெசிபல் அளவுக்கு கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வேண்டும், சின்ன இன்டர்ஃபேஸில் குமிழைக் கடைசிவரை திருகினால் இரைச்சலும் ஏறும் என்பதுதான் நான் சொல்வது.

யுஎஸ்பி மைக்கைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஒரே குரலுக்கு அது போதும். நாளைக்கு இரண்டாவது மைக் சேர்க்கும்போதுதான் தொல்லை: இரண்டும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடும், நீளமான பதிவில் ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல விலகும்.

இன்டர்ஃபேஸில் பார்க்க வேண்டியவை: இரண்டு மைக் இன்புட், கிடாரை நேராகச் செருக ஹை-இசட் வசதி, டைரக்ட் மானிட்டர் (குரல் கணினியைச் சுற்றாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வரும் வசதி), விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் நிறுவனமே எழுதிய ஏசியோ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்). யுஎஸ்பி 2 என்று பயப்பட வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனலுக்கு நொடிக்கு 2.3 மெகாபிட்தான் ஆகும். யுஎஸ்பி 2 என்ற குழாயின் அளவு 480 மெகாபிட். பாட்டில் மிகச் சத்தமான வரியைப் பாடிப் பார்த்து, மீட்டர் −12 டெசிபல் பக்கம் நிற்கும்படி கெயின் வையுங்கள். 24 பிட்டில் சிவப்புவரை தள்ள வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது கணினி. ஒரு மோனோ ட்ராக் (ஒரே மைக்கின் பதிவு) நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. பத்து ட்ராக், ஐந்து நிமிடப் பாட்டு, மொத்தம் 430 எம்பி. பதிவு செய்வது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. பாரம் ஏற்றுவது ப்ளக்இன்களும் சாம்பிள் கருவிகளும் (பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் மென்பொருள்). 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, காப்பு எடுக்க வெளியே இன்னொரு டிஸ்க், இதில் தொடங்கலாம். ஒரு ட்ராக்கில் வரிசையாகப் போடும் ப்ளக்இன்கள் பெரும்பாலும் செயலியின் ஒரே கோரில்தான் ஓடும். அதனால் கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம்.

அடிக்கடி மாட்டுவது பஃபரில், அதாவது கணினி ஒலியை ஒரே தடவையில் எத்தனை சாம்பிளாகச் சேர்த்துக் கையாள்கிறது என்ற அளவில். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை என்று அது இரட்டிக்கும். உங்கள் குரலே பின்னால் வந்து உங்களைக் குழப்பும். பாடும்போது 128, மிக்ஸ் செய்யும்போது (எல்லா ட்ராக்கையும் கலந்து சரிசெய்யும்போது) 1024. சிபியு மீட்டர் 20 சதவீதம் காட்டும்போதே டிக் டிக் என்று வெட்டினால் புதுக் கணினி தேடாதீர்கள். வைஃபையை அணைத்துப் பாருங்கள், பவர் பிளானை முழு வேகத்தில் வையுங்கள். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று பெயரோடு காட்டும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் ஊங்கென்ற ரீங்காரம் நின்றுபோகிறதா? குற்றம் மைக்கில் இல்லை, எர்த் இணைப்பில்.

ரெக்கார்ட் செய்யும் மென்பொருளுக்கு ரீப்பரை 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம். மேக் என்றால் கராஜ்பேண்ட் இலவசம். ஹெட்ஃபோன் மூடிய வகை. திறந்த வகையில் மெட்ரோனோம் கசிந்து மைக்கில் ஏறும். அதிக வோல்டேஜ் கேட்கும் 250 ஓம் மாடல் வாங்கிவிட்டு சத்தம் போதவில்லை என்று புலம்பாதீர்கள். மானிட்டர் ஸ்பீக்கர் பிறகு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆற்றாமைதான். மிக்ஸுக்கு அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் எம்பி3-யாக அனுப்புகிறார்கள். குரல் பாட்டின் நடுவில் தொடங்கும், கிடார் இன்னொரு இடத்தில் தொடங்கும், பெயரோ 'புதுசு பைனல் 3'. எது எங்கே பொருந்தும் என்று தேடியே நேரம் போய்விடும். எல்லா ட்ராக்கையும் பாட்டின் பூஜ்ஜியம் நொடியிலிருந்து, 24 பிட் வேவ் ஆக, எக்கோ போடாமல், கருவியின் பெயரோடும் டெம்போவோடும் அனுப்புங்கள்.