நான்கு தங்கம், ஒரு வெள்ளி: பென் ஐன்ஸ்லி குறித்த கேள்வி பதில்

1996 முதல் 2012 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து பதக்கம் வென்ற பிரிட்டன் பாய்மரப் படகு வீரர் பென் ஐன்ஸ்லியைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்குப் பதிலளித்திருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்: ஐயா, டிங்கி என்பது எத்தகைய படகு? ஐன்ஸ்லி எல்லாப் பதக்கங்களையும் ஒரே வகைப் படகில்தான் வென்றாரா?

கவிழாமல் காப்பதற்கு அடியில் கனமான எடைக்கட்டு எதுவும் இல்லாத சிறிய பாய்மரப் படகு அது. நடுவே ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பலகை, பின்புறம் சுக்கான், மேலே பாய், அவ்வளவுதான். காற்று பாயை ஒரு பக்கம் சாய்க்கும்போது படகை நிமிர்த்தி வைப்பது ஓட்டுபவரின் உடல் எடை மட்டுமே. ஐன்ஸ்லி 1996-லும் 2000-லும் லேசர் வகையிலும், 2004, 2008, 2012 ஆகிய மூன்று முறையும் ஃபின் வகையிலும் போட்டியிட்டார். இரண்டுமே ஒருவர் மட்டும் ஓட்டுபவை. லேசர் ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமும் 7 சதுர மீட்டர் பாயும் கொண்டது. அதன் உடற்பகுதி 60 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஃபின் 4.5 மீட்டர் நீளமே என்றாலும் எடை 100 கிலோவைத் தாண்டும், பாயும் பெரிது.

ஈரோட்டிலிருந்து: அவருடைய குடும்பத்தில் முன்பே படகோட்டிகள் இருந்தார்களா?

இருந்தார்கள். 1973-74-இல் முதன்முறையாக நடந்த விட்பிரெட் உலகச் சுற்றுப் படகுப் பந்தயத்தில் ஒரு படகுக்குத் தலைமை ஏற்றுச் சென்றவர் அவருடைய தந்தை. 1977-இல் பிறந்த பென், கார்ன்வால் கடற்கரையில் வளர்ந்து, எட்டு வயதில் குழந்தைகளுக்கான ஆப்டிமிஸ்ட் படகில் தனியாகப் பாய் விரிக்கத் தொடங்கினார். வெயில் பட்டால் பாதிக்கப்படும் தோல் கோளாறு காரணமாகப் பள்ளியில் கேலிக்கு ஆளான கூச்ச சுபாவமுள்ள சிறுவனுக்குத் தண்ணீரின் மேல்தான் தன்னம்பிக்கை கிடைத்தது என்பதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

திருநெல்வேலியிலிருந்து: 19 வயதில் வெள்ளி வென்றவர் அதைத் தோல்வியாகவே கருதினார் என்கிறார்களே, 1996-இல் என்னதான் நடந்தது?

அட்லாண்டா ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா கடற்பகுதியில் நடந்தன. கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது தங்கத்துக்கான போட்டி, பிரேசிலின் ராபர்ட் ஷைட், ஐன்ஸ்லி ஆகிய இருவருக்குள் சுருங்கியிருந்தது. புள்ளிகளில் முன்னே நின்றவர் ஷைட். படகுகள் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியதால் தொடக்கம் மீண்டும் மீண்டும் ரத்தாகி, நடுவர்கள் கறுப்புக் கொடியை ஏற்றினார்கள். அந்தக் கொடி பறக்கும்போது, தொடக்க ஒலிக்கு முந்தைய கடைசி நிமிடத்தில் கோட்டைத் தாண்டுபவர் அந்தப் பந்தயத்திலிருந்தே நீக்கப்படுவார். திரும்பி வந்து சரிசெய்துகொள்ளும் வாய்ப்புக் கிடையாது. ஷைட் வேண்டுமென்றே முன்கூட்டிப் பாய்ந்தார். அவரை விட்டுவிடக் கூடாது என்று பக்கத்திலேயே நின்றிருந்த ஐன்ஸ்லியும் உடன் பாய்ந்தார். இருவரும் நீக்கப்பட்டனர். இருவருக்கும் அந்தப் பந்தயம் இல்லையென்றால் ஏற்கெனவே முன்னிலையில் இருந்தவருக்குத்தானே தங்கம்! 23 வயது ஷைட் போட்ட கணக்கு 19 வயது ஐன்ஸ்லிக்கு அந்த நொடியில் பிடிபடவில்லை. அவருடைய பிற்கால வெற்றிகள் அனைத்துக்கும் வேர் இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. காற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. எதிராளியின் புள்ளிக் கணக்கைப் படித்துக்கொண்டே படகோட்டக் கற்றவர் இவர்.

கோயம்புத்தூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும்: சிட்னியில் அவர் ஷைட்டைப் பழிவாங்கியது எப்படி? மற்றொருவரை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளுவது நியாயமா?

முதலில் புள்ளி முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 என்று ஏறிக்கொண்டே போகும். மொத்தத்தில் குறைந்த புள்ளி பெற்றவர் வெற்றி பெறுவார். மிக மோசமான முடிவுகளைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2000-இல் கடைசிப் பந்தயத்துக்கு முன் ஷைட் முன்னிலையில் இருந்தார். 43 படகுகளில் முன்பாதிக்குள் முடித்தாலே அவருக்குத் தங்கம். ஐன்ஸ்லிக்கோ வெள்ளி ஏறத்தாழ உறுதியாகிவிட்டது. தான் எவ்வளவு பின்தங்கினாலும் அந்த முடிவைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அவர் பந்தயத்தை வெல்ல முயலவே இல்லை. ஷைட்டை மட்டுமே குறிவைத்தார்.

காற்றுக்கு எதிராக எந்தப் பாய்மரப் படகும் நேராகப் போக முடியாது என்பது நாகப்பட்டின உறுப்பினருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் ஏற வேண்டும். அப்படி ஏறும்போது காற்று வரும் திசையில் முன்னால் நிற்கும் படகின் பாய், தன்னைக் கடந்து செல்லும் காற்றைக் குலைத்து அனுப்புகிறது. அந்தக் குலைந்த காற்றில் சிக்கும் படகு வேகம் இழக்கிறது. தப்பிக்க அது திரும்பினால், முன்னால் இருப்பவரும் உடனே திரும்பி மீண்டும் மறைக்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைவதால், இருவரும் இப்படி மல்லுக்கு நிற்கும் நேரத்தில் மற்றவர்கள் எல்லாம் முன்னேறிவிடுகிறார்கள். தொடக்கத்துக்கு முன்பிருந்தே ஐன்ஸ்லி ஷைட்டை ஒட்டியே சுற்றினார். பந்தயத்தின் முதற்பகுதி முழுவதும் அவரை மறைத்து, இருவரும் கூட்டத்தின் கடைசிக்கு வரும்வரை விடவில்லை. ஷைட் அபாரமாக மீண்டு வந்து பல படகுகளைக் கடந்தும் அது போதவில்லை. தவிர, இருவரின் படகுகளும் மோதியது குறித்த முறையீட்டில் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது. ஐன்ஸ்லிக்குத் தங்கம், ஷைட்டுக்கு வெள்ளி, ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பிளாக்பர்னுக்கு வெண்கலம்.

நியாயமா என்றால், வழிவிடும் விதிகளை மீறாமல், தொடரில் தன் இறுதி இடத்தை உயர்த்திக்கொள்வதற்காக ஒருவரை மறைப்பதை விதிகள் அனுமதிக்கின்றன. பிரேசிலில் அன்று பெரும் கோபம் எழுந்தது உண்மை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஷைட் ஆடியதும் இதே வகைக் கணக்கு ஆட்டம்தான் என்பதை மறந்துவிட முடியாது.

சேலத்திலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்: லேசரிலிருந்து ஃபினுக்கு மாறும்போது உடலை எவ்வாறு மாற்றிக்கொண்டார்?

லேசருக்கு 80 கிலோ அளவு உடல் எடை பொருத்தமானது. ஃபினில் பெரிய பாயை அடக்க 95 கிலோவும் அதற்கு மேலும் தேவைப்பட்டதால், அவர் சுமார் 15 கிலோவுக்கு மேல் எடை கூட்டினார். அதைக் கொழுப்பாகச் சேர்த்தால் பயனில்லை. படகின் தரையில் உள்ள நாடாவுக்குள் பாதங்களைக் கோத்துக்கொண்டு, படகின் விளிம்பில் தொடை படிய, இடுப்புக்கு மேற்பட்ட உடல் முழுவதையும் தண்ணீருக்கு மேலே வெளியே நீட்டிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாய்க்கயிறு. அலை வரும்போதெல்லாம் உடலை முன்னும் பின்னும் வீசிப் படகை அதன்மேல் ஏற்ற வேண்டும். தொடையின் முன்தசைகளும் வயிற்றுத் தசைகளும் எரியும் அந்த நிலையில் ஒரு பந்தயத்தில் நெடுநேரம் இருப்பவரின் மூளை அமைதியாகக் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் கொடுமை. ஃபினில் கார்பன் பாய்மரத்தின் வளைவை ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால், கருவியைச் செப்பனிடும் திறமையும் சேர்ந்துகொள்கிறது. லேசரில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகுதான்.

விழுப்புரத்திலிருந்து: ஏதென்ஸில் தொடக்கமே சறுக்கலாமே?

ஆம். இரண்டாவது பந்தயத்தில் பிரான்சின் கியோம் ஃபுளோரான் முறையீடு செய்ய, ஐன்ஸ்லி தகுதிநீக்கம் செய்யப்பட்டு முதல் நாளிலேயே வெகுவாகப் பின்தங்கினார். அந்த ஒரு மோசமான முடிவைக் கழித்துக்கொள்ளலாம். இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது என்பதே நிலைமை. தவறவில்லை, தங்கம் வென்றார். 2008-இல் சீனாவின் சிங்தாவ் கடலில் அவர் மீண்டும் தங்கம் வென்றபோது வெண்கலம் பெற்றவர் அதே ஃபுளோரான்.

புதுச்சேரியிலிருந்து: அவர் முன்கோபக்காரர் என்பது உண்மையா?

கரையில் மெல்லப் பேசுபவர், தண்ணீரில் வேறொருவர். 2011 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்த உலகப் போட்டியில், படம்பிடிக்க வந்த ஒரு படகு எழுப்பிய அலை தன்னைத் தடுத்துவிட்டதாகச் சினந்து, பந்தயம் முடிந்ததும் தண்ணீரில் குதித்து, அந்தப் படகில் ஏறிச் சண்டையிட்டார். தகுதிநீக்கத்தால் பட்டமே கைநழுவியது. அலை எழுப்பியவர்கள் மீது தவறு இருந்திருக்கலாம். அதற்கு முறையீட்டுக் குழு இருக்கிறது. இதில் அவருக்காக வாதாட என்னிடம் எதுவும் இல்லை.

தஞ்சாவூரிலிருந்து: லண்டன் ஒலிம்பிக்கில் ஒன்பதாம் இடம் வந்தும் தங்கம் எப்படிக் கிடைத்தது?

ஒன்பதாம் இடம் கடைசிப் பந்தயத்தில் மட்டும்தான். படகுப் போட்டிகள் வேமத் கடற்கரையில் நடந்தன. டென்மார்க்கின் யோனாஸ் ஹோக்-கிறிஸ்டென்சன் முதல் ஆறு பந்தயங்களிலும் ஐன்ஸ்லிக்கு முன்னால் முடித்தார். பின்னர் ஒரு பந்தயத்தில், ஐன்ஸ்லி திருப்ப மிதவையைத் தொட்டுவிட்டார் என்று அவரும் நெதர்லாந்தின் பீட்டர்-யான் போஸ்ட்மாவும் குரல் கொடுத்தார்கள். தொடவில்லை என்று கருதிய ஐன்ஸ்லி, தகுதிநீக்கத்துக்கு அஞ்சி, படகை ஒருமுறை முழுவதுமாகச் சுழற்றும் தண்டனைச் சுற்றை முடித்தார்; கரைக்கு வந்ததும், என்னைக் கோபப்படுத்தியது அவர்கள் செய்த தவறு என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகவே சொன்னார்.

முதல் பத்துப் பேர் மட்டும் கலந்துகொள்ளும் பதக்கப் பந்தயத்துக்குப் புள்ளிகள் இரட்டிப்பு. அதைக் கழிக்கவும் முடியாது. அதற்கு முன் டென்மார்க் வீரருக்கு 26 புள்ளிகள், ஐன்ஸ்லிக்கு 28. இருவரும் ஒருவரையொருவர் கண்காணித்தபடியே கூட்டத்தின் பின்னால் போனார்கள். முன்னால் ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்மா இன்னும் ஓரிரு இடம் முன்னேறியிருந்தால் இருவரையும் தாண்டித் தங்கமே எடுத்திருப்பார். கடைசிக் கட்டத்தில் அவர் நியூசிலாந்துப் படகில் இடித்துத் தண்டனைச் சுற்றுப் போட நேர்ந்தது. ஐன்ஸ்லி ஒன்பதாவது, டென்மார்க் வீரர் பத்தாவது. 28-உடன் 18, 26-உடன் 20, இருவருக்கும் 46. சமநிலையில் பதக்கப் பந்தயத்தில் முன்னால் முடித்தவருக்கே தங்கம். 1948 முதல் 1960 வரை நான்கு தங்கம் வென்ற டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோமின் சாதனையை, நான்கு தங்கமும் ஒரு வெள்ளியுமாக ஐன்ஸ்லி கடந்தது அன்றுதான். அதுவும் இன்னொரு டென்மார்க் வீரரைத் தாண்டி.

சென்னையிலிருந்து: நம்மவர்கள் யாராவது இந்த வகைகளில் ஒலிம்பிக் போயிருக்கிறார்களா?

சிங்தாவில் ஐன்ஸ்லி தங்கம் வென்ற அதே ஃபின் பிரிவில் இந்தியாவின் நச்சத்தர் சிங் ஜோஹல் போட்டியிட்டார். ஐன்ஸ்லி தொடங்கிய லேசர்தான் இன்று ஐ.எல்.சி.ஏ. 7 என்ற பெயரில் ஓடுகிறது. அதில் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் டோக்கியோவில் 20-ஆவது இடமும் பாரிஸில் 18-ஆவது இடமும் பெற்றார். சிறிய பாய் கொண்ட பெண்கள் பிரிவில் சென்னையின் நேத்ரா குமணன், டோக்கியோவில் 35-ஆவது இடத்திலிருந்து பாரிஸில் 21-ஆவது இடத்துக்கு உயர்ந்தார். ஃபின் வகை டோக்கியோவுடன் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

திருச்சியிலிருந்து: ஒலிம்பிக்குக்குப் பிறகு அவர் என்ன செய்தார்?

2013-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டியில், தொடரின் நடுவே அமெரிக்காவின் ஆரக்கிள் அணியின் வியூக வகுப்பாளராகச் சேர்க்கப்பட்டார். 1-8 என்று பின்தங்கியிருந்த அந்த அணி 9-8 என வென்றது. அதன்பின் பிரிட்டனுக்கே அந்தக் கோப்பையைக் கொண்டுவருவதற்காகச் சொந்த அணி அமைத்தார். 2024-இல் பார்சலோனாவில் அவருடைய அணி இறுதிச் சுற்றுவரை சென்று, நியூசிலாந்திடம் 2-7 எனத் தோற்றது.