தவறவிட்டவை எத்தனை?

பெல் சோதனையை 1982-லேயே பிரெஞ்சு இயற்பியலாளர் ஆஸ்பே முடித்துவிட்டாரே, 2015 வரை ஏன் இழுத்தார்கள்? (அல்சூர்)

முடிக்கவில்லை. பின்னல் என்னும் குவாண்டம் பிணைப்புள்ள இரு துகள்களைத் தனித்தனியே அளந்து, விடைகள் முன்பே துகளுக்குள் எழுதப்பட்டவையா என்று பார்ப்பதே பெல் சோதனை. அப்படி எழுதப்பட்டிருந்தால் கணக்கிடும் மதிப்பு 2-ஐத் தாண்டாது; தாண்டினால் பெல் மீறல். மீறலுக்கு வேறு விளக்கம் சொல்ல இடம் தருவதுதான் ஓட்டை. ஆஸ்பே, ஒளித்துகளான ஃபோட்டான் பறக்கும்போதே அளக்கும் கோணத்தை மாற்றினார். ஆனால் மாற்றம் ஏறக்குறைய ஒரே தாளத்தில் நடந்ததால், அடுத்த கோணத்தை முன்கூட்டியே ஊகிக்க இடமிருந்தது. 1998-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் குழு 400 மீட்டர் இடைவெளியும் சமவாய்ப்பு எண்களும் வைத்து அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் அங்கே நூற்றுக்கு ஐந்து ஃபோட்டான்தான் சிக்கின.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பெல் மதிப்பு 2.6 வந்தது. ஓட்டையற்ற சோதனை என்று எழுதலாமா? (ஜாலஹள்ளி)

கூடாது. எத்தனை ஃபோட்டானைத் தவறவிட்டீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. இதே குறையோடு எத்தனை கடிதம்தான் படிப்பது? ஜோடியாகப் பதிவானதை மட்டும் எண்ணினால், பின்னலே இல்லாத ஏற்பாடும் 2-ஐத் தாண்டிவிடலாம். அல்சூர் சந்தையில் தமிழில் கேள்வி கேட்டு, பதில் சொன்னவர்களை மட்டும் கணக்கெடுங்கள். பெங்களூரு முழுக்கத் தமிழர்தான். பேசாமல் போனவர்களும் அப்படியே என்று நம்புவதுதான் 'நியாயமான மாதிரி' அனுமானம். வெறும் தத்துவச் சந்தேகம் என்று ஒதுக்காதீர்கள்: 2011-ல் டிடெக்டர்களைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, பெல் மீறலைப் போலியாகவே செய்து காட்டிவிட்டார்கள். முழுப் பின்னலுக்குச் சுமார் 83 சதவீதம் பிடிபட வேண்டும். இயற்பியலாளர் எபர்ஹார்ட் 1993-ல் காட்டிய வழியில், குறைப் பின்னலுக்கு 67 போதும். இது டிடெக்டர் பெட்டியில் அச்சிட்ட எண் அல்ல. லென்ஸ், இழை, இணைப்பு எல்லா இழப்பும் போக மிஞ்சுவது. அதை அளந்துவிட்டு எழுதுங்கள்.

பின்னலை வைத்துச் சென்னைக்கு உடனடியாகச் செய்தி அனுப்பலாமா? (சிவாஜிநகர்)

முடியாது.

2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் நடந்த ஓட்டையற்ற சோதனையில் வெறும் 245 அளவீடுதானாமே? (மல்லேஸ்வரம்)

ஆம். வைரங்களில் உள்ள எலக்ட்ரான்கள், 1.3 கிலோமீட்டர் இடைவெளி, பெல் மதிப்பு சுமார் 2.4. ஒவ்வொரு முறையும் விடை வந்தது, எதையும் ஒதுக்கவில்லை, அதனால்தான் அதற்கு மரியாதை. தற்செயலாக வர சுமார் 4 சதவீத வாய்ப்பு உண்டு என்பது உண்மையே. அதே 2015-ல் வியன்னா குழுவும் அமெரிக்காவின் போல்டர் குழுவும் ஃபோட்டான்களைக் கொண்டு அந்தக் குறையையும் தீர்த்தன.

நம் ராமன் ஆராய்ச்சி நிறுவனமும் 2022-ல் ஓட்டையற்ற பெல் சோதனை செய்ததே? (ஆர்.டி. நகர்)

செய்தது லெகெட்-கார்க் சோதனை. அங்கே கேள்வி ஒரே துகளின் வெவ்வேறு நேரங்களைப் பற்றியது, இரண்டு இடங்களைப் பற்றியதல்ல. நல்ல வேலை, ஆனால் வேறு வேலை. தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கடிதம் எழுதாதீர்கள்.

வெகு தொலைவில் ஒளிரும் விண்பொருளான குவாசரின் ஒளியை வைத்துக் கோணம் தேர்ந்தார்களே, இனி எந்த ஓட்டையும் இல்லைதானே? (இந்திராநகர்)

2018 சோதனையைச் சொல்கிறீர்கள். கோணத் தேர்வையும் துகள்களின் விடையையும் முன்கூட்டியே பொருத்திவைக்கும் சூழ்ச்சி ஏதேனும் இருந்தால் அது சுமார் 780 கோடி ஆண்டுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்றாயிற்று. எல்லாமே ஆதியிலேயே எழுதப்பட்டது என்பவரை எந்தக் குவாசரும் மடக்காது. அதிருக்கட்டும், அந்தச் சோதனையில் தவறவிட்டவை எத்தனை என்று பார்த்தீர்களா? அங்கும் 'நியாயமான மாதிரி' அனுமானம்தான்.