ஃபேஷன் ஷோ ராம்ப்ல பாத்த கை நம்ம தோள்ல உக்காருமா? ஜாக்கெட் கை பத்தி உங்க கேள்விகள்

மொதல்லயே சொல்லிடுறேன், இங்க ஜாக்கெட்னா புடவைக்குப் போடுற ஜாக்கெட் இல்ல, சட்டைக்கு மேலயோ குர்தாவுக்கு மேலயோ கோட் மாதிரி போட்டுக்குறது. போன தடவை இதை சொல்லாம விட்டுட்டேன், பாதி பேர் பிளவுஸ் அளவை அனுப்பிட்டீங்க.

பள்ளத்தூர்ல இருந்து ஒரு ஆச்சி: "போட்டோவை காட்டி பெரிய பஃப் கை தைக்க சொன்னேன், டெய்லர் உள்ள பக்ரம் வச்சு தைச்சாரு, மொத நாள் கும்முனு நின்னுச்சு, ஒரு தடவை துவைச்சதும் காத்து போன பலூன் மாதிரி தொங்குது. ஏன்?"

பக்ரம்ங்கிறது கஞ்சி போட்டு வெறைக்க வச்ச துணி ஆச்சி, தண்ணியில போட்டா கஞ்சி கரைஞ்சிடும், அப்பறம் அது வெறும் துணிதான். துவைக்குற உடுப்புக்கு வலை மாதிரி இருக்குற நெட்டோ, இல்ல கெட்டியான ஆர்கன்சா துணியோதான் சரி. 4 இன்ச் அகலத்துல ஒரு துண்டு வெட்டி நீளவாக்குல ரெண்டா மடிச்சு, மடிப்பு இல்லாத பக்கம் சுருக்கு விட்டு, தோள் தையலுக்கு முன்னாடி ஒரு 4 இன்ச், பின்னாடி ஒரு 4 இன்ச் வர்ற மாதிரி கையோட உள் மார்ஜின்லயே, அதான் தையலுக்கு உள்ள விடுற மிச்சத் துணியில, வச்சு தைச்சிடுங்க. மார்ஜின் கழுத்துப் பக்கம் திரும்பாம கைப் பக்கம் திரும்பி இருக்கணும், அப்பதான் அந்த நெட்டு பஃபை கீழ இருந்து தாங்கும். நெட் ஓரம் கையில குத்தும், அதனால மேல மெல்லிசு பருத்தியான மல்மல்ல ஒரு லைனிங் போட்டுடுங்க.

பஃப் ஏன் ராம்ப்ல மட்டும் அழகா இருக்குன்னும் சொல்றேன். அங்க நடக்குற பொண்ணு கையை தொங்கப் போட்டுக்கிட்டு நேரா நடந்து போயிட்டு திரும்பி வந்துடும், அவ்ளோதான் வேலை. நாம பஸ்ல மேல கம்பியை பிடிக்கணும். அதனால சைஸை பாதி ஆக்குங்க, ஆனா ஷேப்பை விடாதீங்க. பேப்பர்ல சாதா கையை வரைஞ்சு, மேல இருந்து கீழ வரைக்கும் 5 கோடு போட்டு வெட்டி, கீழ மட்டும் நூல் அளவு ஒட்டி இருக்குற மாதிரி விட்டு பனையோலை விசிறி மாதிரி விரிங்க, ஒவ்வொரு இடைவெளிக்கும் அரை இன்ச், மிஞ்சிப் போனா முக்கால். உச்சியில ஒரு இன்ச் உயரமும் கூட்டணும், இதை மறந்தா பஃப் எழும்பாது, பக்கவாட்டுல மட்டும் பரவும். இன்னொண்ணு, தோள் அகலத்தை ரெண்டு பக்கமும் அரை இன்ச் உள்ள தள்ளுங்க. பஃப் தோள் எலும்புக்கு மேல உக்காரணும், வெளிய போய் உக்காந்தா ஆள் ரெண்டு மடங்கு தெரிவோம்.

தேவகோட்டை: "அப்பத்தாவோட கண்டாங்கி புடவை ஒண்ணு இருக்கு. அதுல அந்தக் காலத்து இங்கிலீஷ்காரி படத்துல வர்ற மாதிரி மேல உப்பி கீழ ஒட்டுன கை வச்சு ஜாக்கெட் தைக்கலாமா?"

தாராளமா. நீங்க கேக்குற கைக்கு ஆட்டுத்தொடை கைன்னே பேரு, 1830கள்லயும் திரும்ப 1890கள்லயும் ஐரோப்பாவுல அவ்ளோ பெருசா போட்டாங்க. ஆனா நான் இதுல சூடு பட்டவ. மொத தடவை பட்டுத் துணிக்கு சொல்ற கணக்கை அப்படியே கண்டாங்கியில போட்டு ரெண்டரை மடங்கு சுருக்கு விட்டேன், மிஷின் ஊசி ரெண்டு உடைஞ்சுச்சு, ஒரு வழியா தைச்சு போட்டுக்கிட்டு வந்து வீட்டு வளவு முற்றத்துல நின்னா எங்க அம்மா ஏற இறங்க பாத்துட்டு "ஏண்டி, தோள்ல பரங்கிக்காய் காய்ச்சிருக்கு"ன்னாங்க. கண்டாங்கி நம்ம காரைக்குடி தறித் துணி, கெட்டிப் பருத்தி, சுருக்கு விட்டா மடியாம முட்டும்.

அதுக்கு சுருக்கை விட்டுட்டு தட்டை மடிப்பு வைங்க. கட்டம் போட்ட துணிங்கிறதால இதுல ஒரு சௌகரியம், இன்ச் டேப்பே வேண்டாம், ஒரு கோட்டை பிடிச்சு அடுத்த கோட்டு மேல மடிச்சு வச்சா மடிப்பு எல்லாம் ஒரே அளவா வந்துடும். கடுகு மஞ்சள் கட்டத்துல சிவப்புக் கோடு மட்டும் மேல தெரியுற மாதிரி மடிச்சா மேல முழுக்க சிவப்பு, முழங்கைக்கு மேல மடிப்பு விரியுற இடத்துல மஞ்சள் எட்டிப் பாக்கும். போன மாசம் ஒரு பொண்ணுக்கு இப்படி தைச்சேன், அது கையை ஆட்டி ஆட்டி பேசும்போது கலர் மாறி மாறி தெரியுது, எனக்கே பொறாமையா இருந்துச்சு.

கட்டம் சேர்க்குறதுல எல்லா இடத்துலயும் சேர்க்கணும்னு உயிரை விடாதீங்க, கை வளைவுல அது நடக்கவே நடக்காது. முன் பக்கம், தோள்ல இருந்து 3 இன்ச் இறங்கி கீழ வரைக்கும் உடம்புல ஓடுற படுக்கைக் கோடு கையில தொடர்ந்தா போதும், பாக்குறவங்க கண்ணு அங்கதான் போகும். பார்டரை கை முனைக்கு வைங்க. பழைய புடவையா இருக்குறதால வெட்டுறதுக்கு முன்னாடி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, வருஷக்கணக்கா பெட்டியில மடிச்சு வச்ச இடத்துல நூல் நைஞ்சிருக்கும், அந்தக் கோடு முண்டா பக்கம் வரவே கூடாது. அடியில மெல்லிசா ஒரு காடா சேர்த்து ரெண்டையும் ஒரே துணியா நெனச்சு தைங்க.

ஒரு விஷயம் நெனச்சா சிரிப்பு வருது, எங்க அப்பத்தா ரவிக்கை போட்டே நான் பாத்ததில்ல, அவங்க பின்கொசுவம் வச்சு கட்டுன துணிக்கு நாம இப்ப கை வச்சு மல்லுக்கட்டுறோம். 2019ல கண்டாங்கிக்கு புவிசார் குறியீடு கெடைச்சதுல இருந்து புதுசு வாங்கவும் ஆள் இருக்கு, புதுசுன்னா தனியா ஊற வச்சு அலசி சுருங்க விட்டுட்டுதான் வெட்டணும்.

காரைக்குடி, காலேஜ் போற பொண்ணு: "தைச்சு முடிச்சிட்டேன் அக்கா, ஆனா ஸ்கூட்டி ஹேண்டில் பிடிச்சா ஜாக்கெட் முழுக்க மேல ஏறுது. ஆர்ம்ஹோலை, அதான் கை வைக்குற குழியை, இன்னும் கீழ இறக்கி வெட்டவா?"

வேண்டாம்மா, கத்திரியை கீழ வை. எல்லாரும் செய்யுற தப்பு இதுதான், பிடிக்குதுன்னா குழியை ஆழமாக்கிடுவாங்க, அது இன்னும் மோசமாகும். அக்குள் தையல் எவ்ளோ கீழ இருக்கோ, கையை தூக்கும்போது அவ்ளோ கீழ இருந்து ஜாக்கெட்டை இழுத்துக்கிட்டு வரும். அக்குளை ஒட்டி இருந்தாதான் கை மட்டும் தனியா அசையும். அதோட பேட்டர்ன்ல கையோட மேல் வளைவு எவ்ளோ உயரமோ அவ்ளோ அழகா தொங்கும், ஆனா தூக்க வராது. வளைவை முக்கால் இன்ச் தட்டையாக்கி முண்டா சுத்தளவை கொஞ்சம் கூட்டுனா தூக்க வரும், கையை தொங்கப் போட்டா ரெண்டு சுருக்கம் தெரியும். ரெண்டும் ஒண்ணா வேணும்னா கெடைக்காது, ஸ்கூட்டி ஓட்டுறவ சுருக்கத்தை ஏத்துக்கத்தான் வேணும்.

இப்ப தைச்சதை காப்பாத்த அக்குள்ல டைமண்ட் ஷேப்ல ஒரு துண்டு துணி வை, பக்கத்துக்கு 3 இன்ச். அடுத்த தடவை நல்ல துணியில கை வைக்காம காடாவுல ஒரே ஒரு கையை மட்டும் வெட்டி ஜாக்கெட்ல அப்பறம் பிரிக்குற மாதிரி ஓட்டுத் தையல் போட்டு, போட்டுக்கிட்டு போய் வண்டியில உக்காந்து பாரு.

கோட்டையூர்: "பெல் கை ரொம்ப ஆசை. வீட்டுல சாம்பார்ல முக்குவேன்னு கிண்டல் பண்றாங்க."

முக்கத்தான் செய்வீங்க. கையை மணிக்கட்டுக்கு 3 இன்ச் மேலயே முடிச்சு, விரிவை முன்னாடி குடுக்காம முழங்கைக்கு நேரா பின் பக்கம் மட்டும் குடுங்க. பரிமாறும்போது பின்னாடிதான் தொங்கும். கேஸ் அடுப்புகிட்ட மட்டும் எந்த பெல் கையும் வேண்டாம், அதுவும் சிந்தெடிக்னா கிட்டயே போகாதீங்க.

கானாடுகாத்தான்: "பழைய பாரிஸ் கோட் போட்டோ ஒண்ணு, தோள்ல தையலே இல்ல, உடம்பும் கையும் ஒரே துணி. பலென்சியாகான்னு போட்டிருந்தது. வீட்டுல முடியுமா?"

பாக்கத்தான் பயமா இருக்கும், உண்மையில கை வச்சு தைக்கத் தெரியாதவங்களுக்குதான் இது சுலபம். கிறிஸ்டோபல் பலென்சியாகா ஸ்பெயின்காரர், பாரிஸ்ல கடை வச்சிருந்த பெரிய டிசைனர், 1968ல கடையை மூடுற வரைக்கும் கை விஷயத்துல அவருக்கு திருப்தியே வராது, தைச்சு முடிச்ச கையையே பிரிச்சு எறிஞ்சிட்டு திரும்ப வைப்பாராம். வளையல் தெரியணும்னு கையை மணிக்கட்டுக்கு மேலயே நிறுத்துறது அவரோட பழக்கம், நம்ம ஊர் ஆளுங்களுக்கு இதைவிட என்ன வேணும்.

சூட்சுமம் அக்குள் துண்டுலதான். தாத்தா காலத்து ஜிப்பாவை எடுத்து கையை தூக்கி பாருங்க, அக்குள்ல ஒரு சதுரத் துண்டு இருக்கும், அதேதான். அதை வைக்குறதுக்கு துணியில ஒரு கீறல் போடணும், கீறலோட முனைதான் பிரியுற இடம், அதனால கீறுறதுக்கு முன்னாடியே முனையில ஒரு ரூபாய் காசு அளவு ஆர்கன்சா வச்சு ரெண்டு தடவை தையல் ஓட்டிட்டு அப்பறம் கீறுங்க. துண்டை கிராஸ்ல, அதான் மூலைவாட்டுல, வெட்டுனா இழுத்துக் குடுக்கும்.

புதுவயல்: "ஷோல்டர் பேட் வைக்கணுமா?"

கடையில விக்குற ஸ்பாஞ்சு வேண்டாம், வேர்வையில ஊறி மஞ்சளாயிடும். பருத்தித் துணி 3 அடுக்கு படி படியா வெட்டி தைச்சு, பிரஸ் பட்டன்ல மாட்டுங்க. துவைக்கும்போது கழட்டிடலாம்.

"மே மாசம் காரைக்குடியில லைனிங் போட்ட ஜாக்கெட்டா, வெளையாடுறீங்களா?"

நியாயமான கேள்வி. கைக்கும் தோளுக்கும் மட்டும் மல்மல் போடுங்க, முதுகுல வேண்டாம், உள் தையல் எல்லாத்துக்கும் கிராஸ் பட்டி சுத்திடுங்க.

"மகளை பாக்க சிங்கப்பூர் போறேன், பெட்டியில வச்சா பெரிய கை நசுங்கிடுமே?"

கழட்டுற கையா தைங்க. ஐரோப்பாவுல ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே கையை கயிறு போட்டு கட்டி கழட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. ஆர்ம்ஹோலை பட்டி வச்சு முடிச்சிட்டு உள் பக்கம் 7 சின்ன பட்டன், கையோட ஓரத்துல துணி லூப் 7. அக்குள்கிட்ட ஒரு 2 இன்ச் பட்டன் இல்லாம திறந்தே இருக்கட்டும், காத்தும் போகும், கையை தூக்கவும் வரும். பெட்டியில வைக்கும்போது பஃபுக்குள்ள ஒரு ஜோடி சாக்ஸை சுருட்டி திணிச்சிடுங்க, எப்படியும் அதையும் கொண்டு போகத்தானே போறீங்க.