நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை திடீரென்று வாயை மூடிக்கொள்வது ஏன்?

கிளிநொச்சிப் பக்கம் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாளில் தாய்மார் அடிக்கடி கேட்பது: "முந்தி வடிவாய்ச் சாப்பிட்டவன், இப்ப ஏன் தட்டைத் தள்ளுறான்?"

தெரியாத உணவைக் கண்டு ஒதுங்கும் இந்தக் குணத்தைப் 'புதுச் சாப்பாட்டுப் பயம்' எனலாம். 2 வயதை ஒட்டித் தொடங்கி மெல்லத் தணியும். சாப்பாடு குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: முதல் வருடத்தில் பிறந்த நிறை ஏறக்குறைய 3 மடங்காகும். அடுத்த வருடம் ஏறுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும். அதோடு, நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்டதையும் வாயில் போடாமல் காப்பதும் இந்தச் சந்தேகம்தான்.

பட்டியில் நிற்கும் கன்றைப் பாருங்கள். புது ஆள் புல் நீட்டினால் மணந்து பார்த்துப் பின்வாங்கும். வாயில் திணித்தால் அடுத்தநாள் கிட்டவும் வராது.

முருங்கையிலையைப் பிள்ளை ஏற்க 10, 15 தடவைகூட ஆகலாம். புட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சமாக வையுங்கள், நீங்களும் அதையே சாப்பிடுங்கள். என்ன, எப்போது என்பது உங்கள் கையில். எவ்வளவு என்பது பிள்ளையின் கையில். துரத்தித் துரத்தித் தீத்த வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் பால்தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கூடாது (இதை அம்மம்மாவுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரிய வேலை!).

வளர்ச்சி அட்டையில் நிறைக்கோடு கீழிறங்கினாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, அடிக்கடி சத்தி எடுத்தாலோ குடும்பநல மாதுவிடம் அல்லது டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், பசி வர டொனிக் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். புதுச் சாப்பாட்டுப் பயத்தை எந்த டொனிக்கும் போக்காது.