எழுபது சதவீதம் எந்தக் கேள்விக்கு?

வணக்கம்.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது பற்றி எங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்த மாதம் ஒரு விவாதம் வைத்திருக்கிறோம். மருத்துவத்துக்காக அல்ல, கேளிக்கைக்காகப் பயன்படுத்துவதை அனுமதிக்கலாமா என்பதுதான் தலைப்பு. தேடிப் பார்த்தபோது அமெரிக்காவில் 70 சதவீதம் பேர் ஆதரிக்கிறார்கள் என்று பல இடங்களில் இருக்கிறது. ஆனால் 2020இல் நியூசிலாந்தில் பொதுவாக்கெடுப்பு தோற்றது, 2024இல் ஃப்ளோரிடாவில் தோற்றது. அப்படியானால் கருத்துக்கணிப்புகள் பொய்யா? குழுவில் ஒரு தரப்பு "காசு கொடுத்து எடுத்த கணிப்பு" என்கிறது. மறுதரப்பு "மக்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள்" என்கிறது. எங்கள் உறுப்பினர்கள் அறுபது பேரிடம் நாங்களே ஒரு கணிப்பு நடத்தலாம் என்றும் யோசனை. எப்படிக் கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பொய்யில்லை. அந்த 70, கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் 2023 அக்டோபரில் எடுத்த எண். கஞ்சாப் பயன்பாட்டைச் சட்டபூர்வமாக்க வேண்டுமா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்விக்கு வந்த பதில் அது. இதே கேள்வியை அவர்கள் 1969இல் முதன்முதலாகக் கேட்டபோது ஆம் என்றவர்கள் 12 சதவீதம்தான். 2000இல் 31, 2013இல் 58, பிறகு 70. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேள்வி மாறவில்லை, அதனால் அந்த வரிசை ஒரு சமூகத்தின் மனம் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை நம்பகமாகக் காட்டுகிறது. அதற்கு மேல் எதையும் அதனிடம் கேட்கக் கூடாது.

அந்தக் கேள்வியில் என்னவெல்லாம் இல்லை என்று பாருங்கள். எத்தனை கிராம் வைத்துக்கொள்ளலாம், எந்த வயதிலிருந்து, வீட்டில் செடி வளர்க்கலாமா, விற்பது யார், வரி எவ்வளவு, கடை எங்கே வரும், விளம்பரம் உண்டா, மருத்துவத்துக்கா கேளிக்கைக்கா. எதுவுமே இல்லை. பதில் சொல்கிறவர் இந்த இடங்களைத் தன் மனத்தில் இருக்கும் சட்டத்தால் நிரப்பிக்கொள்கிறார். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இருந்ததற்காக ஒரு பையனைச் சிறையில் போடக் கூடாது என்று நினைப்பவர் ஆம் என்கிறார். புற்றுநோயாளியின் வலிக்கு மருந்தாகத் தரலாம் என்று நினைப்பவரும் ஆம் என்கிறார். கடைத்தெருவில் பெயர்ப்பலகை போட்டு விற்கலாம் என்பவரின் ஆமும் இவற்றோடுதான் சேர்கிறது.

இதை வெளிச்சமாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பியூ ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. சட்டபூர்வமா, சட்டவிரோதமா என்று இரண்டே வாய்ப்புகள் கொடுத்தபோது 67 சதவீதம் சட்டபூர்வம் என்றார்கள். மருத்துவத்துக்கும் கேளிக்கைக்கும், மருத்துவத்துக்கு மட்டும், எதற்கும் கூடாது என்று மூன்று வாய்ப்புகள் கொடுத்தபோது முதலாவதைத் தேர்ந்தவர்கள் 59. மருத்துவத்துக்கு மட்டும் என்றவர்கள் 32, எதற்குமே கூடாது என்றவர்கள் வெறும் 8. அந்த 32 சதவீதத்தினரை இரண்டு வாய்ப்புக் கேள்விக்குள் தள்ளினால் என்ன ஆகும் என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஆம் பக்கமும், மற்றவர்கள் இல்லை பக்கமும் போயிருக்க வேண்டும். ஆக, உங்கள் விவாதத் தலைப்புக்கு நெருக்கமான எண் 70 அல்ல. பியூ 2024இல் இதே மூன்று வாய்ப்புகளோடு கேட்டபோது கிடைத்தது 57. பெரும்பான்மைதான், ஆனால் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிய பெரும்பான்மை அல்ல.

இன்னொரு தவறான வாசிப்பையும் உங்கள் குழுவில் முதலிலேயே களைந்துவிடுங்கள். சட்டபூர்வமாக்கச் சொல்பவர்கள் எல்லோரும் கஞ்சாவை நல்லது என்று நினைக்கிறார்கள் என்பது அது. 2024இல் கேலப் கேட்டபோது, பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோருக்குக் கஞ்சா கெடுதல் செய்கிறது என்றவர்கள் 51 சதவீதம், சமூகத்துக்குக் கெடுதல் என்றவர்கள் 54 சதவீதம். அதே ஆண்டில் சட்டபூர்வமாக்கலுக்கு ஆம் என்றவர்கள் 68 சதவீதம். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கெடுதல் என்று தெரிந்தே தடையை எடுக்கச் சொல்லும் மக்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பது புரியும். அவர்கள் எடை போட்டது கஞ்சாவின் குணத்தை அல்ல, தடையின் விளைவுகளை. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. முதிர்ந்த குடிமக்கள் இப்படித்தான் யோசிப்பார்கள்.

இனி, கணிப்பில் வென்றது வாக்குப்பெட்டியில் ஏன் தோற்கிறது என்பது. ஃப்ளோரிடாவில் 2024இல் தோற்றது என்கிறீர்கள். கிடைத்த வாக்குகள் 55.9 சதவீதம். அங்கே அரசமைப்புத் திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும். பாதிக்கு மேல் வாக்கு போதும் என்ற விதியுள்ள மாநிலங்களில் அது தெளிவான வெற்றியாக எண்ணப்பட்டிருக்கும். 2012இல் கொலராடோ ஏறத்தாழ 55 சதவீதத்தோடுதான் சட்டபூர்வமாக்கியது. எனவே ஃப்ளோரிடாவை "மக்கள் நிராகரித்தார்கள்" என்று எழுதுவது தவறு.

இருந்தும் 55.9க்கும் 70க்கும் இடையே இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. ஒரு காரணம், கேலப் கேட்பது வயதுவந்தோர் அனைவரையும். வாக்குச்சாவடிக்கு வருபவர்கள் அவர்களில் ஒரு பகுதி, சராசரி வயதும் கூடுதல். ஆனால் முக்கியமான காரணம், வாக்குச்சீட்டில் இருப்பது ஒரு சொல் அல்ல, ஒரு சட்டம் என்பதே. ஃப்ளோரிடாத் திருத்தம் 21 வயதானவர்கள் 85 கிராம் வரை வைத்துக்கொள்ள அனுமதித்தது. வீட்டில் வளர்ப்பதை அனுமதிக்கவில்லை. ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்றுவந்த ஒரு பெருநிறுவனம் மட்டுமே பிரச்சாரத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. தடையை வெறுக்கும் ஒருவர்கூட இந்தச் சட்டம் யாருக்காக என்று கேட்டு விலகலாம்.

ஒஹையோவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலக்கம். 2015இல் அங்கே வந்த முன்மொழிவு, வணிகத்துக்கான வளர்ப்பை மாநிலத்தில் 10 நிலப்பகுதிகளுக்கு மட்டும் ஒதுக்கியது. அந்த நிலங்கள் பிரச்சாரத்துக்குப் பணம் போட்டவர்களின் கையில் இருந்தன. ஏறக்குறைய 64 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். 2023இல் அதே மாநிலத்தில், அந்த ஏகபோகம் இல்லாத, ஒருவர் ஆறு செடி வரை வளர்க்கலாம், விற்பனைக்கு 10 சதவீதத் தனி வரி என்ற முன்மொழிவு 57 சதவீதத்தோடு வென்றது. எட்டு ஆண்டுகளில் மனங்கள் மாறியது ஒரு பகுதிக் காரணம். சட்டத்தின் உள்ளடக்கம் மாறியது மறுபகுதி. இரண்டையும் பிரிக்காமல் "ஒஹையோ மனம் மாறியது" என்று சொல்லிவிட முடியாது.

ஒக்லஹோமா வேறு விதம். 2018இல் மருத்துவக் கஞ்சாவை 57 சதவீதத்தோடு ஏற்றார்கள். உரிமக் கட்டுப்பாடு மிகத் தளர்வு. கடைகள் இரண்டாயிரத்தைத் தாண்டின. 2023 மார்ச்சில், பொதுத்தேர்தல் இல்லாத நேரத்தில், கேளிக்கைப் பயன்பாடு வாக்குக்கு வந்தபோது ஏறத்தாழ 62 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். குறைந்த வாக்குப்பதிவும் சேர்ந்துதான் வேலை செய்தது. ஆனால் அனுபவம் கருத்தை இரண்டு பக்கமும் நகர்த்தும் என்பதை மறக்க வேண்டாம்.

நியூசிலாந்தில் மக்களிடம் கேட்கப்பட்டது முழு வரைவு மசோதாவுக்கு ஆதரவு உண்டா என்பது. 20 வயது வரம்பு, நாளொன்றுக்கு 14 கிராம், ஒருவருக்கு இரண்டு செடி, விளம்பரத் தடை எல்லாம் அதில் இருந்தன. தேர்தலுக்குப் பிறகு அக்டோபர் 30 அன்று வெளியான முதற்கட்டக் கணக்கில் எதிராக 53.1, ஆதரவாக 46.1 சதவீதம். வெளியூர், வெளிநாட்டு வாக்குகளும் தாமதமாகப் பதிவு செய்தவர்களின் வாக்குகளும் எண்ணி முடித்தபோது 50.7க்கு 48.4. ஏறத்தாழ 68 ஆயிரம் வாக்குகள் வித்தியாசம். உங்கள் குழுவில் யாராவது முதல் எண்ணை மேற்கோள் காட்டினால் இறுதி எண்ணைக் கொடுங்கள்.

வாக்கெடுப்பில் வென்ற பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியா 2016இல் 57 சதவீதத்தோடு ஏற்றது. ஆனால் அங்கே பாதிக்கும் மேற்பட்ட நகர, மாவட்ட நிர்வாகங்கள் தங்கள் எல்லைக்குள் கடைகளை அனுமதிக்கவில்லை. மாநிலத்தில் இருக்கட்டும், என் தெருவில் வேண்டாம் என்பதும் மக்கள் கருத்துதான். எதிர்த்திசையிலும் எடுத்துக்காட்டு உண்டு: உருகுவாய் 2013இல் சட்டம் இயற்றியபோது கணிப்புகளில் பெரும்பான்மை எதிராக இருந்தது.

பிழை வரம்பை, அதாவது சிலரை மட்டும் கேட்டு எடுத்த எண் எல்லோரையும் கேட்டால் வரும் எண்ணிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதை, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவாதங்களில் அதிகம் தவறுவது இங்கேதான். ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து கேட்டால் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3.1 புள்ளி. தொலைபேசியை எடுக்காதவர்களை ஈடுகட்ட எடைபோட்டுத் திருத்துவதால் கேலப் போன்றவர்கள் 4 என்று வைத்துக்கொள்கிறார்கள். இது ஒரு கணிப்புக்கு. இரண்டு கணிப்புகளை ஒப்பிட்டால் இரண்டின் பிழையும் சேரும், 4ஐ வர்க்கம் செய்து இரண்டு முறை கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5.7. ஆகவே 2023இல் 70, 2024இல் 68 என்பதை "ஆதரவு குறைந்தது" என்று எழுத இடமில்லை. 2025இல் 64 ஆனபோது இரண்டாண்டு இறக்கம் 6 புள்ளி, எல்லையைச் சற்றே தாண்டுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் குடியரசுக் கட்சியினரிடம் ஒரே ஆண்டில் 13 புள்ளி குறைந்து 40 ஆகியிருக்கிறது. ஆயிரம் பேரில் அவர்கள் முந்நூறு பேர் அளவில் இருப்பார்கள். அந்தச் சிறு பிரிவுக்குப் பிழை 6, 7 என்று விரியும், ஒப்பிடும்போது 9, 10 ஆகும். 13 அதையும் தாண்டுவதால் அந்த இறக்கத்தைப் பொருட்படுத்தலாம். இணையத்தில் வருபவர் எவரும் சொடுக்கிப் பதில் தரும் கணிப்புகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே பத்தாயிரம் பேர் இருந்தாலும் அது ஆர்வமுள்ளவர்களின் கூட்டம் மட்டுமே.

காசு கொடுத்து எடுத்தது என்ற குற்றச்சாட்டு: எல்லாக் கணிப்புக்கும் யாரோ காசு கொடுக்கிறார்கள். கேட்க வேண்டியது, முழுக் கேள்வித்தாளை வரிசையோடு வெளியிட்டார்களா என்பது. மதுவின் கெடுதல் பற்றி மூன்று கேள்வி கேட்டுவிட்டுக் கஞ்சாவுக்கு வந்தால் ஒரு பதில், சாலை விபத்து பற்றிக் கேட்டுவிட்டு வந்தால் வேறு பதில் வரும். வரிசையை மறைத்த கணிப்பை ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் கணிப்புக்கு வருவோம். அறுபது பேரையும் கேட்டால் அது மாதிரி அல்ல, முழுக் கணக்கெடுப்பு. பிழை வரம்பு போடாதீர்கள். சதவீதமும் வேண்டாம், "60இல் 34 பேர்" என்று எண்ணிக்கையாகவே சொல்லுங்கள். அது உங்கள் குழுவின் கருத்து, வேறு யாருடையதும் அல்ல.

முதல் கேள்வியாகக் கேலப் கேட்கும் பொதுக் கேள்வியையே வையுங்கள். அதன் பிறகு பிரித்துக் கேளுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிய அளவு வைத்திருந்தால் சிறையா, அபராதமா, தண்டனை இல்லையா? மருத்துவர் சீட்டோடு தரலாமா? வீட்டில் மூன்று செடி வரை வளர்க்கலாமா? லாபமில்லாச் சங்கங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாமா? உரிமம் பெற்ற கடைகள் விற்கலாமா? அந்தக் கடை உங்கள் தெருவில் வரலாமா? விளம்பரம் செய்யலாமா? இவை கற்பனைப் பிரிவுகள் அல்ல. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் மூன்று செடியையும், வெளியில் 25 கிராம் வைத்துக்கொள்வதையும் அனுமதித்தது. ஜூலை முதல் 500 உறுப்பினர்கள் வரையுள்ள சங்கங்களையும் அனுமதித்தது. ஆனால் கேளிக்கைப் பயன்பாட்டுக்கான கடைகளைத் திறக்கவில்லை. உருகுவாய் பெயர்ப்பதிவு செய்தவர்களுக்கு மருந்துக்கடை வழியாக மாதம் 40 கிராம் வரை தருகிறது. கொலராடோவில் தனியார் கடைகள். மூன்றுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். என்னைக் கேட்டால், சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறை கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விளம்பரத்தோடு கூடிய பெருவணிகத்தை உறுதியாக எதிர்க்கிறேன். ஒற்றைக் கேள்வியில் எனக்கு இடமில்லை, உங்கள் குழுவிலும் பலருக்கு இருக்காது.

ஒவ்வொன்றுக்கும் "தெரியாது" என்ற கட்டம் இருக்கட்டும். "போதைப்பொருள்", "மூலிகை" இரண்டும் பதிலை இழுக்கும் சொற்கள். கஞ்சா என்றே எழுதுங்கள். "வரிப்பணத்தைப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் சட்டபூர்வமாக்கலாமா" என்று இரண்டு விஷயங்களை ஒரே கேள்வியில் கட்டாதீர்கள். "ஒப்புக்கொள்கிறீர்களா" என்ற வடிவத்தையும் தவிர்க்கலாம், எதையும் ஒப்புக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. கை தூக்கச் சொல்லவே வேண்டாம். மடித்த தாள், பெட்டி, எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா.

கடைசியில் முதல் கேள்வியையே மறுபடி வையுங்கள். பாதித் தாளில் வரிசையை மாற்றி இரு குழுக்களை ஒப்பிடலாம் என்று யாராவது சொல்வார்கள். முப்பதுக்கு முப்பது என்னும்போது 25 புள்ளி வித்தியாசம் வந்தால்தான் அதில் பொருள் இருக்கும். அதைவிட, ஒரே தாளில் முதல் பதிலும் கடைசிப் பதிலும் மாறியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது பயன்படும்.

அச்சடிக்கும் முன்பு நான்கைந்து பேரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று அவர்கள் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். தண்டனையை நீக்குவதும் விற்பனையை அனுமதிப்பதும் ஒன்று என்று இரண்டு பேராவது சொல்வார்கள். அந்த இடத்தில் கேள்வியைத் திருத்தி எழுதுங்கள். முடிவுகளை அறிவிக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே அந்தக் கேள்வியை முழுதாக அச்சிட்டுவிடுங்கள்.