ஹெட்செட்டுக்குள் தெரியும் கருப்புப் பிறை

கேள்வி: எனக்கு வயது 29. வீட்டு உள் அலங்காரம் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கட்டப்போகும் வீட்டை வாடிக்கையாளருக்கு, கண்ணை மூடி மாட்டும் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டில் காட்டுவோம். அதை நான் மாட்டினால், பார்வையின் இரண்டு பக்கமும் பிறை மாதிரி ஒரு கருநிழல் தெரிகிறது. சமையலறை மேடையைக் குனிந்து கிட்டத்தில் பார்த்தால் விளிம்பு இரண்டாகத் தெரிகிறது. 20 நிமிடத்தில் புருவ மத்தியில் வலி, லேசாகக் குமட்டல். அதே ஹெட்செட்டைப் போடும் சக ஊழியருக்கு ஒன்றுமில்லை. என் கண்ணில் கோளாறா, டாக்டர்?

பதில்: ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் அந்த நிழல் தெரிகிறதா? தெரிந்தால், அதுவும் மின்னல் போன்ற ஒளியோ மிதக்கும் புள்ளிகளோ சேர்ந்து வந்தால், இதை அப்புறம் படித்துக்கொள்ளலாம், இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். விழித்திரை விலகும்போது அப்படி வரும். ஹெட்செட்டுக்குள் மட்டும்தான் தெரிகிறது என்றால் பயப்பட வேண்டாம்.

நேராகப் பார்த்தபடி வலது கண்ணை மூடுங்கள். வலப்பக்கத்தை உங்கள் மூக்கு மறைக்கும். கண்ணை மாற்றி மூடினால் இடப்பக்கம் மறையும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் நடுப்பகுதி சுமார் 120 டிகிரிதான். மொத்தப் பார்வை கிட்டத்தட்ட 200 டிகிரி. ஓரங்களில் மிச்சமிருப்பது ஒரு கண்ணுக்கு மட்டுமே உரியது. அந்த எல்லை நமக்கு உறுத்துவதே இல்லை.

ஹெட்செட்டில் கதை வேறு. ஒவ்வொரு கண்ணுக்கும் 100 டிகிரிப் படம் தருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு படமும் முழுக்க ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மொத்தமும் 100 டிகிரிதான். இரண்டையும் வெளிப்பக்கமாகப் பத்துப் பத்து டிகிரி திருப்பினால் மொத்தம் 120 ஆகும், இரு கண்ணுக்கும் தெரியும் பொதுப்பகுதி 80 ஆகச் சுருங்கும். அகலம் வேண்டுமென்று சில வடிவமைப்பாளர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். விளைவு என்ன? இடது கண்ணின் படம் வலப்பக்கம் ஓரிடத்தில் முடிந்து கருப்பு தொடங்குகிறது. அதே இடத்தில் வலது கண்ணுக்குச் சுவர் தொடர்கிறது. எதை நம்புவது என்று மூளை தடுமாறும்போது அந்தக் கருப்பு பிறையாக எட்டிப் பார்க்கிறது. இதற்கு லூனிங் என்று பெயர், நிலவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஹெலிகாப்டர் விமானிகளின் ஹெல்மெட் திரைகளை ஆராய்ந்தவர்கள் விஆர் பரவுவதற்கு வெகு முன்பே இதைக் கவனித்திருக்கிறார்கள்.

பொதுப்பகுதி குறைந்தால் ஆழம் போய்விடுமா? முழுக்கப் போகாது. இரு கண்ணின் ஆழ உணர்வு கூர்மையாக இருப்பது பார்வையின் நடுவில், அது அப்படியே இருக்கும். ஓரத்தில் நிழலும், அளவும், தலையை அசைக்கும்போது பொருள்கள் நகரும் விதமும் கைகொடுக்கும். உண்மையில் இடிப்பது கிட்டத்துப் பார்வைதான். 2 மீட்டர் தூரத்துச் சுவரைப் பார்க்க இரு கண்ணின் பார்வைக் கோடுகளுக்கு நடுவே 2 டிகிரி கூட வேண்டாம். 20 செ.மீ.க்குக் குனிந்தால் 18 டிகிரி வேண்டும். கண்கள் அவ்வளவு உள்பக்கம் திரும்பும்போது, மூக்குப் பக்கத்தில் படம் குறைவாக இருந்தால் மேடையின் ஒரு பகுதி ஒரு கண்ணுக்கு வெட்டுப்பட்டுப் போகும். இதோடு, கண்கள் 20 செ.மீ.க்குக் குவிய, ஹெட்செட் லென்ஸின் ஃபோகஸோ ஒன்றிரண்டு மீட்டரிலேயே நிற்கும். இந்த இழுபறிதான் பெரும்பாலும் அந்தப் புருவ வலி.

சக ஊழியருக்கு ஏன் இல்லை? ஹெட்செட் அவர் அளவுக்கு வைக்கப்பட்டிருக்கிறதோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ., பெண்களுக்குச் சற்றுக் குறைவு. குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். உங்களுக்கு 58 இருந்து, லென்ஸ் 68-இல் நின்றால் இரண்டு கண்ணும் லென்ஸின் நடுவை விட்டு விலகியே பார்க்கும். கண்ணாடிக் கடையில் இந்தக் கண்மணித் தூரத்தைப் ‘பி.டி.’ என்பார்கள், ஒரு நிமிடத்தில் அளந்து தருவார்கள். மூக்குக்கண்ணாடி போடுபவரென்றால் அதற்குப் பதில் ஹெட்செட்டுக்குள் பொருத்தும், பவர் போட்ட உள்லென்ஸ் வாங்குங்கள். மூக்குக்கண்ணாடியால் கண் ஹெட்செட் லென்ஸை விட்டுத் தள்ளிப்போகப் போக, தெரியும் பரப்பு சுருங்கும், பிறையும் உள்ளே வரும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் இரண்டாகத் தெரிந்தால் ஒரு பேனாவை மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். 10 செ.மீ. தூரத்தை எட்டும் முன்பே நுனி இரண்டானால் கண்களின் குவியும் திறன் குறைவாக இருக்கலாம். இதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியும், ஆனால் வீட்டில் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் போதாது. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 9 முதல் 17 வயதுள்ளவர்களில் கிளினிக்கில் பயிற்சி பெற்றோரில் 73 சதவீதம் பேர் தேறினார்கள் அல்லது நன்கு முன்னேறினார்கள். வீட்டுப் பென்சில் பயிற்சியில் அது 43 சதவீதம்.

கண் மருத்துவரிடம் பரிசோதிக்கும்வரை ஒரே மூச்சாகப் பத்து நிமிடத்துக்கு மேல் போடாதீர்கள். குமட்டலோடு வண்டியை எடுக்காதீர்கள். மாதிரி வீட்டின் மேடையைக் குனிந்து பார்க்காமல் ஓர் அடி பின்னால் நின்று காட்டுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது அலுவலகத்தில் கேட்டு அந்த ஹெட்செட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அதை மாட்டிய நிலையில் உங்களுக்கு எங்கே மறைகிறது, எங்கே இரண்டாகிறது என்று நீங்கள் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.